ஜோடனைக்கு வந்த முட்டைகள்

கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளி உக்காருங்கம்மா. கோவிச்சுக்காதிய. மடியில இருக்கது உடையுற சாமான், அதான். இல்ல இல்ல, மேல வைக்க மாட்டேன். டிரைவரு ஓட்டுத ஓட்டத்தப் பாத்தியல்லா. கீழயும் வேண்டாம், யாராவது மிதிச்சிருவாவ. கண்ணாடிக் கிளாசு. விருந்தாளுக வந்தா ஜூஸ் ஊத்திக் குடுக்கணும்லா, அதுக்கு வாங்கினேன்.

நீங்க எந்த ஊரு? நாகர்கோவிலா. எங்க சூசையபுரத்துல உங்களுக்குத் தெரிஞ்சவிய யாரும் உண்டுமா? சொந்தம், கூடப் படிச்சவிய, வேலை பாக்க இடத்துல யாராவது? ஒருத்தரும் இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இல்லல்ல, சும்மாதான் கேட்டேன். நான் யாரையும் சந்தேகப்படுத ஆளு இல்லம்மா. எனக்கு எதுக்கு அடுத்தவிய விசயம்.

வேதக்கோயிலுக்குப் போறவியளா நீங்க? இல்லையா. அதுவும் நல்லதுதான். அப்ப உங்ககிட்டச் சொல்லலாம். மனசுக்குள்ள வச்சு வச்சு எனக்கு நெஞ்சு கனத்துப்போச்சு. ஊருக்குள்ள யாருகிட்டச் சொல்ல முடியும்? இந்தப் பக்கம் சொன்னா அந்தப் பக்கம் மைக்குல கேக்கும்.

எம்பேரு மார்கிரெட். எல்லாரும் மார்கிரெட் டீச்சர்னுதான் கூப்பிடுவாவ. பள்ளிக்கூட டீச்சர் இல்ல, மறைக்கல்வி டீச்சர். ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் பிள்ளைங்கள உக்கார வச்சு வேதம் சொல்லிக் குடுக்கது, ஜெபம் படிக்க வைக்கது. சம்பளம் கெம்பளம் ஒண்ணும் கெடையாது. அதுபோக ஈஸ்டர் ஜோடனை முழுக்க என் பொறுப்பு. கிறிஸ்துமஸ் குடிலு இளைஞருங்க செய்வானுவ. ஈஸ்டருக்குக் கல்லறை ஜோடனை பிள்ளைங்கதான் செய்யணும், பிள்ளைங்களை வச்சு நான்தான் செய்யணும்.

அது என்னன்னா, பெரிய வெள்ளி அன்னைக்கு ஆண்டவரு சிலுவையில மரிச்சாருல்லா. அவர அடக்கம் பண்ணின கல்லறை மாதிரி கோயிலுக்குள்ள ஒண்ணு கட்டுவோம். சனிக்கெழமை ராத்திரிப் பூசையில அது திறக்கும், மணி அடிக்கும், ஆண்டவர் உயிர்த்துட்டாருன்னு வெடி போடுவாவ. அந்தக் கல்லறை வாசல்லதான் பிள்ளைங்க செஞ்ச ஜோடனை நிக்கும். எப்பவும் தெர்மாகோல் உருண்டையில ஜிகினா ஒட்டித் தொங்க விடுவோம். இந்த வருசம் புதுச் சாமியாரு வந்திருக்காவ, சின்ன வயசு. தெர்மாகோல் வேண்டாம் டீச்சர், பிளாஸ்டிக் வேண்டாம், வீட்டுல கெடக்கத வச்சுப் பிள்ளைங்க கையாலயே செய்யட்டும்னு சொல்லிட்டாவ.

நானும் ஜெபம் பண்ணி யோசிச்சேன். முட்டை ஓடுன்னு தோணுச்சு. முட்டைக்கு ரெண்டு பக்கமும் சின்னதா ஓட்டை போட்டு ஊதினா உள்ள இருக்கது வெளிய வந்துரும், ஓடு முழுசா நிக்கும். அதைக் கழுவிக் காயவச்சு மஞ்சள்ல, பீட்ரூட்டுல, சொட்டு நீலத்துல முக்கி எடுத்து, பிள்ளைங்க கையால பூவு, சிலுவை, புறான்னு வரைஞ்சு, நூலு கோத்து ஒரு கிளையில தொங்கவிட்டா எப்படி இருக்கும்! முட்டைன்னா அதுவே ஒரு கல்லறைதான. மூடிக் கெடக்கு, உள்ள இருந்து உசுரு வருது. சாமி கேட்டுட்டு, அருமை டீச்சர்னு கையைத் தட்டினாவ. நானும் உடை முள்ளு மரத்துல ஒரு கிளை வெட்டிட்டு வந்து வெள்ளையடிச்சு, மண்ணு போட்ட வாளியில நட்டு வச்சாச்சு.

இப்ப நீங்க வேதக்காரவிய இல்லல்லா, அதனால உங்களுக்குத் தெரியாது. ஈஸ்டருக்கு முன்னால நாப்பது நாளு தவசு காலம். எங்க ஊருல அந்த நாப்பது நாளும் கறி கெடையாது, மீனு கெடையாது, முட்டை கெடையாது. கல்யாணம் வைக்க மாட்டோம், தலையில பூ வைக்க மாட்டோம். அந்த நாப்பது நாளுக்குள்ளதான் ஜோடனையும் செஞ்சு முடிக்கணும்.

சிரிக்கியளோ? சிரிங்க. எனக்கும் தோணல, சாமிக்கும் தோணல. யாராவது ஒருத்தர் சொல்லிருக்கணும்லா? ஒருத்தரும் சொல்லல. எப்ப விழுவான்னு பாத்துட்டு இருக்க ஊரும்மா அது.

முதல் ஞாயிறு ஏழெட்டுப் பிள்ளைங்க ஓடு கொண்டாந்துச்சு. நான் ஒண்ணும் கடுமையாக் கேக்கல. சாதாரணமாத்தான் கேட்டேன், ஏ ரோகன், உங்க வீட்ல தவசு காலத்துல முட்டை யாரு சாப்பிட்டான்னு. அவன் முழிச்சான். ரோட்டுல கெடந்துச்சு டீச்சர்ங்கான். ஏட்டி ஷைனி, உனக்கு? எனக்கும் ரோட்டுலதான் டீச்சர். எல்லாருக்கும் ரோட்டுல கெடந்திருக்கு! ஒருத்தன் மட்டும் எங்க வீட்டுப் பூனைக்குக் குடுத்தோம் டீச்சர்னு சொன்னான். ரெண்டு ஓட்டை போட்டு ஊதியா பூனைக்குக் குடுத்தியன்னு கேட்டேன். அழுதுட்டான்.

அடுத்த ஞாயிறு ஒரு பிள்ளைகூட ஓடு கொண்டு வரல. மூணாவது ஞாயிறும் வரல. அந்த வெள்ளைக் கிளை சும்மா நிக்கி. முதல் வாரம் வந்த ஓட்டுலயும் பாதி, சாயம் முக்கும்போது நொறுங்கிப்போச்சு. பிள்ளைங்களுக்குச் செய்ய வேலை இல்ல, மஞ்சத் தண்ணிய ஒருத்தர் மேல ஒருத்தர் தெளிச்சு வெளையாடுதுவ. எனக்கு அன்னைக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பிள்ளைங்க முன்னால அழக்கூடாதுன்னு திரும்பி நின்னேன். இருந்தாலும் பெனிட்டா பாத்துட்டா.

பெனிட்டா யாருன்னா, ஜெசிந்தா மக. நாலாப்பு படிக்கா. ஜெசிந்தா எங்க ஊருக்காரி இல்ல, மதுரைப் பக்கம். மூணு வருசத்துக்கு முன்னால வந்து கெபித் தெருவுல, அதான் குகை மாதிரி கட்டி மாதா சொரூபம் வச்சிருக்க தெருவுல, வாடகைக்கு இருக்கா. தையல் மிஷின் வச்சிருக்கா, கொல்லையில கோழி வளக்கா. புருசன் கேரளாவுல வேலைன்னு சொல்லுதா. நான் கண்டதில்ல. நான் சந்தேகப்படலம்மா, கண்டதில்லன்னுதான் சொல்லுதேன்.

அதுக்கு அடுத்த ஞாயிறு அந்தப் பெனிட்டா ஒரு செருப்புப் பெட்டி நெறைய ஓடு கொண்டாரா. பஞ்சு வச்சு அடுக்கி, எல்லாம் நாட்டுக்கோழி முட்டை. சின்னது, லேசாச் செவந்த வெள்ளை. ஒண்ணுல ஒரு கீறல் இல்ல. ரெண்டு முனையிலயும் ஓட்டை எப்படி இருக்குங்கிய? ஊசியால குத்தினா பிசிறடிக்கும்லா, அந்தப் பிசிறு இல்ல. மிஷின்ல போட்ட மாதிரி உருண்டையா, கடுகு போற அளவு. பிள்ளைங்க எல்லாம் ஓன்னு கத்துதுவ. நான் பெட்டியில எண்ணிப் பாத்தேன். ஒரு அம்மா, ஒரு பிள்ளை. இத்தனை முட்டையும் யாரு தின்னா?

பிள்ளைகிட்டக் கேட்டேன். யாரு சாப்பிட்டான்னு சொல்லு, மாட்டிருவோம்னு. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன் டீச்சர்ங்கா. கோயில்ல வச்சு டீச்சர்கிட்டச் சொல்லக் கூடாத சத்தியம் என்னட்டி சத்தியம்? உதட்டக் கடிச்சிட்டு நிக்கா. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு நிக்கி. தவசு காலத்துல தின்ன முட்டையை ஆண்டவர் கல்லறையில தொங்கவிட முடியாதுன்னு சொல்லி அந்தப் பெட்டிய மூடி நானே வச்சுக்கிட்டேன். சாமிகிட்டக் காட்டணும்லா.

இதுல இன்னொரு விசயம் இருக்கும்மா. அதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எங்க வீட்டுக்காரவிய, செலஸ்டின்னு பேரு. வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருந்தாவ. தை மாசம் ஒரு நாளு திடீர்னு வயித்தப் பிடிச்சிட்டு சுருண்டு விழுந்தாவ. குடல்ல ஓட்டைன்னு சொல்லி ஆபரேசன் பண்ணினாவ. பொழைச்சு வந்ததே பெருசு. வந்தவிய பாதி ஆளா வந்தாவ. கையில கட்டின வாட்ச்சு முழங்கை வரைக்கும் வழுக்கி ஓடும். வாரு பெருசாப் போச்சுன்னு அவியளே புதுசா ஒரு ஓட்டை போட்டாவ. பெறவு இன்னொரு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டை போடும்போதும் நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன்.

டாக்டரு என்னையப் பாத்துச் சொன்னாரு, தினம் ரெண்டு முட்டை குடுங்கம்மா, சதை பிடிக்கணும், புண்ணு ஆறணும்னு. நான் சொன்னேன், ஈஸ்டர் முடியட்டும் டாக்டர்னு. அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. அவருக்கு என்ன தெரியும்? அவிய ஆபரேசன் ரூமுக்குள்ள இருக்கும்போது வெளிய நின்னு மாதாவுக்கு நான் நேந்துகிட்டேன். இவிய பொழைச்சு வரட்டும், இந்தத் தவசு காலம் பூரா எங்க வீட்டுல கறி மீனு முட்டை எதுவும் சேக்க மாட்டோம்னு. நேந்தது நேந்ததுதான. அதை உடைச்சா என்ன ஆகும்? குடுத்தவ திருப்பி எடுத்துக்கிட மாட்டாளா?

சாமிகூடச் சொல்லிப் பாத்தாவ. நோவாளிக்கு இந்த விரத ஒறுத்தல் கெடையாது டீச்சர், திருச்சபையே விட்டுருக்குன்னு. பூசையிலயும் அறிவிச்சாவ. அது மத்த நோவாளிக்கு. சின்ன வயசு சாமி, நேர்ச்சைன்னா என்னன்னு தெரியாது. எங்க வீட்டுக்காரவியளோ, உனக்கு எது சரியோ அப்படியே செய்யி மார்கிரெட்டுன்னு சொல்லிட்டு வாட்ச்ச மேல ஏத்தி விட்டுக்கிட்டாவ.

ஆனா பாருங்க, தவசு காலம் தொடங்கி மூணு வாரம் போல கழிஞ்சதும் ஒரு மாற்றம். முகத்துல ரெத்தம் தெரியுது. படியில ஏறும்போது மூச்சு வாங்கல. ஒரு நாளு பாக்கேன், வாரை பழைய ஓட்டைக்கே மாத்திருக்காவ. எனக்கு எப்படி இருந்துச்சுங்கிய! நேரா ஜெபக்கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சாட்சி சொன்னேன். ஒரு முட்டை இல்லாம, ஒரு மீனு இல்லாம, வெறும் கஞ்சியும் தொவையலும் குடுத்து மாதா என் புருசனைத் தூக்கி நிறுத்திருக்கான்னு சொன்னேன். எல்லாரும் கைதட்டினாவ. ஜெசிந்தாவும் அங்கதான் இருந்தா. தலையக் குனிஞ்சுக்கிட்டா. குத்தமுள்ள மனசு குனியத்தான் செய்யும்னு நெனைச்சேன்.

அவிய சாயங்காலம் சாயங்காலம் மாதா கெபிக்குப் போயி ஜெபமாலை சொல்லிட்டு வருவாவ. டாக்டரு நடக்கச் சொல்லிருக்காருல்லா. அங்கதான் எனக்கு ஒரு சின்ன இது. வரும்போது வாயில கிராம்பு வாசம். இத்தனை வருசத்துல கிராம்பு மென்னு நான் பாத்ததில்ல. எதுக்குன்னு கேட்டா, பல்லு வலிங்காவ. எந்தப் பல்லுன்னு கேட்டா, ஒரு நாளு இந்தப் பக்கத்தக் காட்டுதாவ, ஒரு நாளு அந்தப் பக்கத்த. பீடிதான்னு முடிவு பண்ணிட்டேன். குடல்ல தையல் போட்ட மனுசன் பீடி குடிச்சா என்ன ஆகும்? சட்டையெல்லாம் மோந்து பாத்தேன். பீடி வாசம் இல்ல. நல்லமிளகும் சின்ன உள்ளியும் தாளிச்ச மாதிரி ஒரு வாசம். கெபியில மெழுகுதிரி வாசம்லா வரணும்.

நான் யாரையும் சந்தேகப்படுத ஆளு இல்ல. ஆனா மூக்கு இருக்குல்லா.

அந்தச் செருப்புப் பெட்டிய நானே வச்சுக்கிட்டேன்னு சொன்னேன்லா, அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மேசையில வச்சிருந்தேன். அவிய வந்து பாத்ததும் முகம் விழுந்துட்டு. பெனிட்டா குடுத்தத ஏன் மாட்டலன்னு கேட்டாவ. பெனிட்டா குடுத்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் கேட்டேன். நீதான சொன்னன்னாவ. நான் சொல்லல. சத்தியமாச் சொல்லல. உள்ள போயி சுவரைப் பாத்துப் படுத்துட்டாவ. ராத்திரிக் கஞ்சி வேண்டாம்னுட்டாவ.

மறுநா ஜாக்கெட் தைக்கக் குடுக்குத சாக்குல ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். அளவு எடுக்கும்போதே கேட்டேன், உன் வீட்டு முட்டைய யாருட்டி திங்கான்னு. நான் திங்கல டீச்சரம்மா, பிள்ளைக்கும் குடுக்கல, நோவாளி ஒருத்தவிய வந்து சாப்பிடுதாவ, நான் காசும் வாங்கலன்னா. எந்த நோவாளி? சொல்லக் கூடாதுன்னு கேட்டுருக்காவ டீச்சரம்மா, என்னைய மன்னிச்சிருங்கங்கா. புருசன் இல்லாத வீட்டுல தினம் வந்து சாப்பிட்டுட்டுப் போற நோவாளி! எனக்கு வேற என்னம்மா நெனைக்கத் தோணும்? அளவு டேப்ப உதறிட்டு வந்துட்டேன். வெள்ளிக்கெழமை சிலுவைப்பாதை முடிஞ்சதும் சாமிகிட்டச் சொல்லி, அந்த வீட்ட விட்டே காலி பண்ண வைக்கணும்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டேன்.

வியாழக்கெழமை அவிய சாமான் மேசையத் தூசி தட்டினேன். கடைய மூடினதுக்கு அப்புறம் வாட்ச் சாமானெல்லாம் வீட்டுலதான் இருக்கு. குட்டித் திருப்புளி, கண்ணுல மாட்டுத பூதக்கண்ணாடி, சின்னச் சின்ன இடுக்கி. அதுல வாருக்கு ஓட்டை போடுத பொடி துரப்பணம் ஒண்ணு. நுனியில வெள்ளை மாவா ஒட்டிருக்கு. வாரு கறுப்புத் தோலு. வெள்ளை மாவு எங்க இருந்து வந்துச்சு? விரல்ல எடுத்துத் தேச்சுப் பாத்தேன். செருப்புப் பெட்டியத் திறந்து ஒரு முட்டை ஓடு எடுத்தேன். அந்தத் துரப்பண நுனிய ஓட்டைக்குள்ள விட்டேன்.

சரியாப் போயி உக்காந்துச்சும்மா.

துரப்பணத்த இருந்த இடத்துலயே வச்சேன். சாயங்காலம் அவிய ஜெபமாலையச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பினாவ. துரப்பணத்தையும் எடுத்துக்கிட்டாவ. நான் பின்னாலயே போனேன். கெபியில நின்னு ஒரு சிலுவை போட்டாவ. அதோட சரி. ஜெசிந்தா வீட்டுக் கொல்லை வழியா உள்ள போனாவ.

அடுக்களைச் சன்னலு கொல்லையப் பாத்துதான் இருக்கு. கோழிக்கூட்டுக்குப் பின்னால நின்னேன். என்னத்தையெல்லாம் பாக்கப்போறேனோன்னு மாதாவக் கூப்பிட்டுக்கிட்டேன். பாத்தது என்னன்னா, அவிய கீழ ஒரு பலகையில உக்காந்திருக்காவ. கண்ணுல அந்தப் பூதக்கண்ணாடி. கையில ஒரு முட்டை. பெனிட்டா எதுத்தாப்புல குத்தவச்சு மூச்சுப் பிடிச்சிட்டு இருக்கா. அவிய ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் குடுக்காவ. அவியளுக்கு மூச்சுப் பிடிச்சு ஊத முடியாதுல்லா, தையல் இழுக்கும். அதனால பெனிட்டாதான் கன்னத்த உப்பவச்சு ஊதுதா. உள்ள இருக்கது கிண்ணத்துல விழுது. ஜெசிந்தா அதுல உள்ளியும் நல்லமிளகும் போட்டு அடிச்சு அடுப்புல ஊத்துதா. அவிய சாப்பிடுதாவ. பெனிட்டா முட்டை ஓடுகளக் கழுவி வரிசையா வைக்கா.

டீச்சர் இதையும் மாட்ட மாட்டாங்கல்ல மாமான்னு அந்தப் பிள்ளை கேக்கு. செய்வோம்ட்டி, செஞ்சு வைப்போம், அவ மனசு மாறும்ங்காவ எங்க வீட்டுக்காரவிய. அண்ணாச்சி, டீச்சரம்மாகிட்டச் சொல்லிருங்களேன், எம்பிள்ளை தினமும் அழுகுதுன்னு ஜெசிந்தா சொல்லுதா. அதுக்கு இவிய சொல்லுதாவ, எப்படிச் சொல்ல? நேர்ச்சை உடைஞ்சுட்டுன்னு தெரிஞ்சா, நான் என்னைக்குச் சாவேனோன்னு தினமும் முழிச்சுக் கெடப்பா. எனக்காக உப்பு உறைப்பு இல்லாமக் கெடக்கா அவ. அவ பயத்த நான் சாப்பிட்டு ஆத்த முடியாது, அவ கிளையிலயாவது நாலு முட்டை தொங்கட்டும். அப்படிச் சொல்லிட்டுச் சிரிச்சாவ. பெனிட்டா மூக்குல முட்டை வெள்ளை ஒட்டிருந்துச்சு, அதைப் பாத்து ரெண்டு பேரும் சிரிச்சாவ.

ஆபரேசனுக்கு அப்புறம் அவிய சிரிச்சு நான் கேக்கல. எங்க வீட்டுல சிரிக்கல. அதைத்தான் என்னால தாங்க முடியல.

வீட்டுக்கு வந்து கதவத் தெறந்து வச்சு உக்காந்திருந்தேன். வந்தாவ. கிராம்பு வாசம். ஜெபமாலை சொல்லியாச்சான்னு கேட்டேன். சொல்லியாச்சுன்னாவ. சரின்னேன். கஞ்சி ஊத்தி வச்சேன். அவியளும் முழுக் கஞ்சியும் குடிச்சாவ. அதுக்கு முன்னால அங்க வயிறு நெறையச் சாப்பிட்டுத்தான் வந்திருக்காவ. என் முகத்துக்காகக் குடிக்காவ. அந்த ஒரு ராத்திரி போக தினமும் அப்படித்தான் குடிச்சிருக்காவ. கிண்ணத்த வாங்கிக் கழுவும்போது எனக்கு அழுகை அடக்க முடியல. குழாயப் பெருசாத் தெறந்து விட்டுக்கிட்டேன்.

சாமிகிட்ட ஒண்ணும் சொல்லல. நேத்து ஞாயிறு மறைக்கல்வியில பெனிட்டாவக் கூப்பிட்டு அந்தப் பெட்டியக் கையில குடுத்தேன். நீயே சாயம் முக்கி மாட்டுட்டின்னேன். யாரு சாப்பிட்டதுன்னு இப்ப சொல்லணுமா டீச்சர்னு கேட்டா. வேண்டாம், மாட்டுன்னேன். எல்லாப் பிள்ளைங்களும் சேந்து மஞ்சளும் நீலமும் கையி காலுன்னு பூசிக்கிட்டு வரைஞ்சதுவ. பெனிட்டா ஒரு ஓட்டுல வாட்ச்சு வரைஞ்சா. பிள்ளைங்க எல்லாம், ஈஸ்டருக்கு எதுக்குட்டி வாட்ச்சுன்னு சிரிச்சதுவ. நான் அதை வாங்கி உச்சிக் கிளையில மாட்டினேன்.

ஆனா ஜெசிந்தா செஞ்சது தப்பு. அதுல எனக்கு மாற்றமே இல்ல. என் புருசனுக்கு உள்ளி வெட்டிப் போட்டுப் பொரிச்சுக் குடுக்க அவ யாரு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா. சொன்னா நான் என்ன, கடிச்சா தின்னுருவேன்? காசுக்கும் செய்யலங்கா. காசு வாங்காம ஒருத்தி எதுக்குச் செய்யுதா? அதை யோசிச்சா எனக்கு உறக்கம் வர மாட்டேங்கு. அந்த ஜாக்கெட்டையும் தைச்சுக் குடுத்து விட்டுருக்கா. சரியாத்தான் இருக்கு. அதுவும் ஒரு தந்திரமா இருக்கும்.

ஐயோ! ஏ டிரைவரு, ஆளு இருக்கா மாடு இருக்கான்னு பாத்து ஓட்டும்யா! பள்ளத்துல தூக்கிப் போட்டுட்டானே. இருங்க, இருங்க, தொடாதிய. பெட்டி மூடி கழண்டுட்டு. ஒண்ணு, ரெண்டு... ஒண்ணும் உடையல. மாதாவே, ஒண்ணும் உடையல.

சரி. பாத்துட்டிய. கண்ணாடிக் கிளாசு இல்லதான். இதுக்குத்தான் உங்களுக்கு எங்க ஊருல ஆளு உண்டுமான்னு அத்தனை தடவை கேட்டேன். எங்க ஊருக் கடையில வாங்க முடியுமா? மார்கிரெட் டீச்சர் தவசு காலத்துல முட்டை வாங்கினான்னு மத்தியானத்துக்குள்ள கடலுக்குப் போனவனுக்குக்கூடத் தெரிஞ்சிரும். அதான் பஸ் ஏறித் திசையன்விளைக்கு வந்தேன். சந்தையில ஒவ்வொண்ணையும் வெயில்ல தூக்கிப் பாத்து வாங்கினேன். எல்லாம் நாட்டுக்கோழி. வித்தவ என்னைய அடையாளம் கண்டுக்கிட்ட மாதிரிதான் பாத்தா. முக்காட்ட இழுத்துவிட்டுக்கிட்டேன்.

நேர்ச்சைய உடைக்கப் போறேன்னு நெனைக்காதிய. நான் தொட மாட்டேன். ஈஸ்டர் மணி அடிக்க வரைக்கும் ஒரு துளி என் நாக்குல படாது. அந்தக் கிளையில இன்னும் பாதி காலியாத்தான் கெடக்கு. பிள்ளைங்க பாவம், ஆசையா இருக்குவ. அதுக்குத்தான் வாங்கிருக்கேன், ஜோடனைக்கு. இன்னைக்குச் சாயங்காலம் அவிய கெபிக்குக் கெளம்பும்போது முன்னால வைக்கப்போறேன். என்னங்க, ஜோடனைக்கு ஓடு வேணும், உங்க துரப்பணத்தால ஒரு ஓட்டை போட்டுத் தாங்கன்னு கேப்பேன். ஊதுததுக்கு நான் இருக்கேன். பெனிட்டாவ விட எனக்கு மூச்சு ஜாஸ்தி. உள்ளி உரிச்சு வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.

பயமா இருக்கும்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த வாட்ச்சு வாரு மறுபடி உள்ள ஓட்டைக்குப் போயிருமோன்னு இருக்கு. மாதா கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். அவளும் ஒரு பொம்பளைதான.

இந்தா, எங்க ஊரு வந்துட்டு. ஏ கண்டக்டர் தம்பி, கோயில் பக்கத்துல நிறுத்துங்க. கொஞ்சம் கால மடக்குங்கம்மா, நான் முதல்ல பெட்டியத் தூக்கிக்கிடுதேன். யாருகிட்டயும் சொல்லிராதிய, என்ன? ஓடு ஜோடனைக்கு. உள்ள இருக்கதக் கீழ கொட்டவா முடியும், நீங்களே சொல்லுங்க.